மூடி திறக்கிறவ

எங்கள் சனம் தெருவில் ஒருவரையொருவர் கண்டால் "என்ன கறி இண்டைக்கு?" என்று கேட்கும். அது கேள்வி அல்ல, வணக்கம் சொல்வது போல ஒன்று. "மீன்தான்" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டும் போகலாம். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்ற ஒரேயொரு ஆளை நான் மொன்றியலில்தான் கண்டேன். பதில் பிடிக்காவிட்டால் அவர் நேரே குசினிக்குள் போய், அடுப்பில் இருக்கும் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். அடுத்தவர் வீட்டுச் சட்டியைத் திறப்பது எங்கள் ஆட்களிடம் அடுத்தவர் அலமாரியைத் திறப்பதிலும் பார்க்க மோசமான காரியம். அதனால் சென்ட் லோரன்ட் என்ற பகுதியில் எங்கள் கட்டிடத்தில் அவருக்கு 'மூடி திறக்கிறவ' என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அன்ரி.

கீழ்த்தளத்தில் ஒன்றரை வீடு ஒன்றில் தனியாக இருந்தார். கியூபெக்கில் வீட்டை அறைக் கணக்கில் சொல்வார்கள், அரை என்பது குளியலறை. மகன் பக்கத்து நகரமான லவாலில் பெரிய வீடு வாங்கி வைத்திருந்தும் அங்கே இருக்கமாட்டேன் என்று வந்துவிட்டாராம். குட்டையான மனுசி. கைகள் நல்ல திரட்சி. யாரோ ஆணுக்குத் தைத்த குளிர்ச்சட்டையை முழங்காலுக்குக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு, துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார். பனிக்காலத்தில் ஒரு மரப்பெட்டி நடந்து வருவது போல இருக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேசையில் பீங்கான் தட்டு வைத்து, மீனோ முட்டையோ பருப்போ, ஒரு கீரையோடு இருந்து சாப்பிடுவார். புருசன் செத்த மனுசி தனியாக இருந்து மீன்பொரியலோடு சாப்பிடுவது கட்டிடத்தில் சிலருக்குப் பொறுக்கவில்லை. "இந்த வயசிலயும் நாக்குக் கேக்குது" என்பார்கள்.

"கேக்கட்டன்" என்பார் அன்ரி. "வயசு போனா வயிறு வேற ஆரின்ரயோ ஆகிடுமே?"

நான் அந்தக் கட்டிடத்துக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பிறகு கொழும்பு, மொஸ்கோ, கீவ், ஜெர்மனியில் ஒரு அகதி முகாம் என்று அலைந்து, கடைசியில் மொன்றியலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. இரண்டாம் மாடியில் ஒரு குடும்பத்தின் நாலரை வீட்டில் ஒரு அறை எடுத்திருந்தேன். குடித்தனக்காரர், அவர் மனைவி, இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவருடைய தகப்பன். தகப்பனை எல்லோரும் ஐயா என்பார்கள். மனைவி இறந்த பிறகு மகன் ஸ்பொன்சர் செய்து எடுத்த மனிதர்.

அன்ரி என்னோடு முதலில் பேசியது படிக்கட்டில். மூலையில் இருந்த டெப்பனர் என்ற சின்னக் கடையில் பாணும் டின்மீனும் வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தேன்.

"என்ன கறி?"

"டின்மீன், அன்ரி."

"உன்னை ஆர் கேட்டது? உனக்கு வயசிருக்கு, கல்லைத் திண்டாலும் செமிக்கும். நீ இருக்கிற வீட்டு ஐயா என்ன சாப்பிட்டவர்?"

"எனக்குத் தெரியாது."

"ஒரு வீட்டில இருக்கிறாய். அந்த மனுசன் என்ன சாப்பிட்டதெண்டு தெரியாது. கண்ணை எங்க வச்சிருக்கிறாய், பொக்கற்றிலயோ?"

எனக்குக் கோபம் வந்தது. வாடகைக்கு இருக்கிறவன் நான், இவருக்கு ஏன் பதில் சொல்லவேண்டும்? ஆனால் அன்று மாலை என் கண் ஐயாவின் பீங்கானைத்தான் போய்ப் பார்த்தது. பிறகு அதை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் எங்கள் முதியவர்கள் கூடுவார்கள். கடதாசி, அதாவது சீட்டு, விளையாடுவார்கள், ஊர்க்கதை கதைப்பார்கள். தேத்தண்ணியும், ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த தீனும் கொடுப்பார்கள். அன்ரி துணிப்பையில் அவித்த முட்டைகளும், பல்லில்லாதவர்களுக்காக அவித்து மசித்த கடலையும் கொண்டு வருவார். மிளகுத்தூள் ஒரு சின்னப் போத்தலில். மேசை மேசையாகப் போவார். ஆட்கள் கடதாசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை, வெள்ளியும் சனியும் நான் மச்சம் சாப்பிடுறேல்லை" என்றார் ஒருவர்.

"அப்ப கடலை தின்னுங்கோ."

"கடலை வாய்வு."

"ஞாயிறு முட்டை சாப்பிடுவியளோ?"

"ஞாயிறு மகள் வீட்டில. அவள் கொலஸ்ட்ரோல் எண்டு தரமாட்டாள்."

"திங்கள்?"

"திங்கள் மனிசியின்ர விரதம். அவவுக்கு எனக்கெண்டு வேற சமைக்கேலாது."

"அப்ப நீங்கள் எந்த நாள்தான் சாப்பிடுறது? தைப்பொங்கலுக்கோ?"

மேசையே சிரித்தது. அந்த மனிதரும் சிரித்தார். சிரித்தபோது மேற்பல் தட்டு நழுவி விழப் பார்த்தது. அன்ரி சிரிக்கவில்லை. "பல்லுத் தட்டு இறுகி நிக்கேல்லை. பல்முரசு வத்திப் போச்சு. இவருக்கு ரோல்ஸ் வச்சிருக்கினம், கடிக்கச் சொல்லி" என்று பரிமாறிய பெண்ணிடம் சீறினார். அந்தப் பெண் இலவசமாக வந்து வேலை செய்பவள். பாவம், அழுதுவிட்டாள்.

அன்ரி எப்போதும் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு வாரக்கணக்காக முட்டையும் கடலையும் ஊட்டிவிட்டார். முட்டை, பருப்பு, இறைச்சி எல்லாம் அளந்துதான் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு வைத்தியர் கட்டளை போட்டிருந்தது அன்ரிக்குத் தெரியாது. அவருடைய மகள் வந்து எல்லார் முன்னாலும் ஏசிவிட்டுப் போனாள். அன்ரி துணிப்பையை மடித்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வந்து, முதல் மேசையில் இருந்தவரிடம் "என்ன கறி?" என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள், "கிட்னி எப்பிடி?" என்று இரண்டாவது கேள்வியைப் போட்டார். அன்றிலிருந்து வயதானவர்களிடம் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

அவருக்கு இந்தக் கோபம் ஏன் வந்தது என்று ஆட்கள் பல கதைகள் சொன்னார்கள். மகன் வீட்டில் முட்டைக்குச் சண்டை வந்தது என்றார் ஒருவர். தாயைப் பட்டினியில் பறிகொடுத்தவர் என்றார் இன்னொருவர். நான் ஒன்றையும் விசாரிக்கவில்லை. கோபப்படுவதற்கு ஒரு மனிசிக்குப் பழைய கதை வேண்டுமா? கண் முன்னால் நடந்துகொண்டிருந்ததே போதாதா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐயாவுக்குச் சீனி வருத்தம் என்னும் நீரிழிவு கண்டபோது வைத்தியர் சொன்னது மூன்று காரியம்தான். இனிப்பை விடவேண்டும், உப்பைக் குறைக்கவேண்டும், சோற்றைப் பாதியாக்கவேண்டும். அவ்வளவும் சரி. ஆனால் எங்கள் சனம் வருத்தக்காரரைப் பார்க்க வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரவேற்பறை நிறையும். கையில் திராட்சையும் மால்ட் மா டின்னும் கொண்டு வருவார்கள். ஐயா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, போகும்போது ஏதாவது ஒன்றை நிறுத்திவிட்டுப் போவார்கள்.

முட்டை கொலஸ்ட்ரோல் என்றார் ஒரு மச்சான். முட்டை நின்றது. நண்டும் றாலும் கிரந்தி, உடம்பில் சொறி கடி வரும் என்றார் ஒரு பெரியம்மா. அதுவும் நின்றது. மீன் இந்தக் குளிருக்குச் சளி, பருப்பு வாய்வு, பால் சளி, வாழைப்பழம் சீனியும் குளிரும் சேர்ந்தது, இறைச்சி பிரஷர், கச்சான் கடலை பல்லுக்கு ஆகாது, கத்தரிக்காய் மறுபடியும் கிரந்தி. தேங்காய்ப் பால் கொழுப்பு, அது இல்லாத கறிக்கு ருசி இல்லை, ஆகவே கறியே வேண்டாம். வைத்தியம் சொன்ன விலக்கும் ஊர் சொன்ன விலக்கும் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரு வைத்தியர் இப்படிச் சொல்லமாட்டார், ஒரு நாட்டுப் பரியாரியும் இப்படிச் சொல்லமாட்டார். இரண்டையும் கூட்டி ஒரு கிழவர் தலையில் வைக்க எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும். எல்லோரும் அந்தப் பீங்கானில் இருந்து ஒன்றை எடுத்தார்கள். ஒன்றை வைக்க ஒருவரும் வரவில்லை.

மிஞ்சியது உப்பில்லாத ஓட்ஸ், ரஸ்க், சீனி போடாத வெறும் தேத்தண்ணி. காலையிலும் அது, இரவிலும் அது. மத்தியானம் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன வீட்டில், காலையில் காய்ச்சி வைத்து இறுகிப்போன அதே ஓட்ஸ்.

மருமகள் கெட்டவர் இல்லை. அதை எழுதாவிட்டால் நான் பொய்யன். உடுப்புத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பெண். விடியமுன் எழும்பி, முதலில் ஐயாவுக்குத்தான் அடுப்பை மூட்டுவார். கோயிலில் பெருமையாகச் சொல்வார்: "மாமாவை நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாக்கிறன். ஒரு கண்டகிண்டதும் குடுக்கிறேல்லை." கேட்கிறவர்கள் "உன்னைப்போல மருமகள் கிடைக்கவேணும்" என்பார்கள்.

ஐயா மெலிந்தார். அரைப்பட்டியில் ஆணியால் புது ஓட்டை போட்டார்கள். மோதிரம் கழன்று கைகழுவும் தொட்டிக்குள் விழுந்தது. எடுத்து நூல் சுற்றிக் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு நூலைக் கூட்டிச் சுற்றினார்கள். முதலில் மூலைப் பூங்காவரைக்கும் நடந்தவர், பிறகு கட்டிட வாசல் வரைக்கும் நடந்தார், பிறகு ஜன்னலோடு நின்றுகொண்டார். சோபாவில் இருந்து எழும்ப இரண்டு கையையும் ஊன்றி, மூச்சுப் பிடித்து, முடியாமல் மறுபடி இருந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா?

"நல்லா மெலிஞ்சு வந்திட்டார். சீனி இறங்கிட்டுது போல."

அதைக் கேட்டு மகன் தலையாட்டிச் சிரித்தார்.

பசி எனக்குத் தெரியும். மொஸ்கோவில் ஒரு அறைக்குள் அடைந்து கிடந்தபோது நாங்கள் உருளைக்கிழங்குத் தோலையும் அவித்திருக்கிறோம். அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. சாப்பாடு இருக்கவில்லை, நாங்கள் சாப்பிடவில்லை. ஆனால் இந்த வீட்டில் பிரிட்ஜைத் திறந்தால் கதவு மூடமுடியாத அளவுக்குச் சாமான். நான் என் அறையில் டின்மீனை வெங்காயத்தோடு பிரட்டும்போது ஐயா கதவடியில் வந்து நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். ஒரு துண்டைக் கொடுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சாப்பிடுவார். ஊரில் முப்பது பேருக்கு வேலை கொடுத்த தோட்டச் சொந்தக்காரர் அவர். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அதை நான் அன்ரியிடம் சொன்னேன். அவர் வெறும் கையோடு மேலே வந்தார். "என்ன கறி? ஐயாவின்ர கிட்னி எப்பிடி?" என்று கேட்டபடியே குசினிக்குள் போனார். "கிட்னி நல்லமெண்டு ரிப்போட் வந்தது, அன்ரி" என்றார் மருமகள். பெரிய சட்டியில் ஆட்டிறைச்சி. அடுத்ததில் பருப்பு. மூலையில் ஒரு சின்னச் சட்டி. மூடியைத் திறந்தார்.

"உதென்ன? நோட்டீஸ் ஒட்டவோ பசை காய்ச்சி வச்சிருக்கிறாய்?"

"அது மாமாக்கு, அன்ரி. அவருக்குச் சீனி எல்லோ" என்றார் மருமகள்.

"சீனிக்கு மீன் என்ன செய்தது?"

"சளி பிடிக்கும்."

"முட்டை?"

"கொலஸ்ட்ரோல்."

"பருப்பு? அதையாவது குடுக்கலாமே."

"வாய்வெண்டு பெரியம்மா சொன்னவ."

"தண்ணி குடிக்கலாமோ, இல்லாட்டி அதுவும் கிரந்தியோ? டொக்டர் சோத்தைப் பாதியாக்கச் சொன்னவர். மிச்சப் பாதிப் பீங்கானில என்னத்தை வைக்கிறதெண்டு நீங்கள் ஆராவது கேட்டனீங்களோ? வெறுமன விடச் சொன்னவரோ?"

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்ர தேப்பனுக்குக்கூட இப்பிடிச் செய்யேல்லை, அன்ரி. நீங்கள் வந்து பிழை பிடிக்கிறியள்."

மகன் அறையில் இருந்து வந்தார். "அன்ரி, உங்கட மகன் வீட்டில உங்களை வச்சிருக்கேலாமல்தானே இஞ்ச வந்து இருக்கிறியள்? எங்கட சட்டியைத் திறக்க உங்களை ஆர் கூப்பிட்டது? தயவுசெய்து இனி வராதேங்கோ."

அன்ரி மூடியைச் சட்டியில் வைத்துவிட்டுப் போனார். ஐயா சோபாவில் இருந்தபடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே அவர் குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. "கால் வழுக்கினது" என்றார்கள். அந்தக் காலில் வழுக்குவதற்குச் சதை இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மூன்றாம் மாடியில் ஒரு கிழவி இறந்துபோனார். கடைசி வருடம் முழுக்க ரஸ்க்கும் தேத்தண்ணியும்தான் அவருடைய சாப்பாடு என்று கட்டிடத்துக்கே தெரியும்.

எங்கள் ஆட்களிடம் எட்டுச் செலவு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பேச்சில் வெறும் எட்டு என்போம். ஒருவர் இறந்த எட்டாம் நாள், உயிரோடு இருந்த காலத்தில் அவர் எதையெல்லாம் விரும்பிச் சாப்பிட்டாரோ அதையெல்லாம் சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைப்போம். மச்சம், மாமிசம், குடிக்கிறவராக இருந்தால் குடி, புகைக்கிறவராக இருந்தால் சுருட்டு. அன்று மாலை நானும் போயிருந்தேன். வியட்நாம்காரர் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலை. அதில் நண்டுக்கறி, றால் பொரியல், அவித்த முட்டை, ஆட்டிறைச்சி, மீன் இரண்டு விதம், பக்கத்தில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒரு சட்டி ஒடியற் கூழ். கட்டிடத்தின் பெண்கள் எல்லாம் சேர்ந்து சமைத்திருந்தார்கள். குளிர்ச்சட்டைகள் குவிந்த கட்டில் வரைக்கும் நண்டு மணம்.

அன்ரி இலையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கிழவியின் மகளைப் பார்த்தார்.

"நண்டு நல்லா இருக்கு. அம்மாக்குப் பிடிக்குமோ?"

"ஐயோ, அம்மாக்கு நண்டெண்டா உயிர், அன்ரி" என்றாள் மகள் அழுதபடி.

"அது உங்களுக்கு முதலே தெரியுமோ, செத்தாப் பிறகுதான் தெரியுமோ?"

"எங்களுக்கு எப்பவும் தெரியும்."

"தெரிஞ்சுதான் குடுக்கேல்லையோ?"

யாரோ ஒருவர் அன்ரியின் குளிர்ச்சட்டையை எடுத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். செத்தவீட்டில் வந்து வாய்காட்டியவர் என்று கட்டிடம் முழுக்க அவரை வைதது. எனக்கும் அது அதிகம் என்றே பட்டது. அந்த மகள் என்ன வேண்டுமென்றா செய்தாள்? ஆனால் அறைக்குத் திரும்பி வந்தபோது ஐயா ஜன்னலடியில் நின்று, மேலே இருந்து வந்த மணத்தை மூக்கால் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வரவேற்பறையில் வழமைபோல ஆட்கள் இருந்த நேரம், கதவு தட்டப்பட்டது. நான்தான் திறந்தேன். அன்ரி. இரண்டு கையிலும் அடுக்குச் சட்டிகள், கக்கத்தில் சுருட்டிய வாழையிலை.

"வழி விடு தம்பி, சூடு."

வராதே என்று சொன்ன வீடு. அவர் யாரையும் பார்க்கவில்லை. வரவேற்பறையின் நடுவே, கம்பளத்தின் மேல் ஒரு பழைய சீலையை விரித்தார். இலையைப் போட்டார். செம்பில் தண்ணீர் வைத்தார். பைக்குள் இருந்து ஒரு சின்னக் குத்துவிளக்கை எடுத்து ஏற்றினார். பிரிட்ஜ் மேல் சட்டம் போட்டு வைத்திருந்த ஐயாவின் படத்தை எடுத்து வந்து இலையின் தலைமாட்டில் சாய்த்து வைத்தார். பிறகு ஒவ்வொரு மூடியாகத் திறந்து படைத்தார்.

மருமகள்தான் முதலில் விளங்கிக்கொண்டார். "ஐயோ!" என்று வாயைப் பொத்தினார்.

மகன் பாய்ந்து எழும்பினார். "என்ன வேலை இது? உயிரோட இருக்கிற மனுசனுக்கு எட்டுப் படைக்கிறியளோ? உங்களுக்கு விசரோ?"

"செத்தாப் பிறகு நீ செய்வியோ, மாட்டியோ?"

"செய்வன்தானே! என்ர அப்பா!"

"என்னென்ன வைப்பாய்?"

"அதை ஏன் இப்ப கேக்கிறியள்?"

"சொல்லு. தேப்பனுக்கு என்ன பிடிக்கும்? தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு."

"தெரியும்! பாரைமீன் குழம்பு. கணவாய்ப் பிரட்டல். முருங்கைக்காய். அம்மா போடுற மாதிரி வெங்காயம் கூடப் போட்ட முட்டைப் பொரியல்..." மகனின் குரல் அந்த இடத்தில் உடைந்தது. அவர் தன் சட்டைக் கையைப் பார்த்தார்.

"எல்லாம் வச்சிருக்கிறன். குறைஞ்சா சொல்லு" என்றார் அன்ரி. "உப்புக் குறைச்சு. சோறு ஒரு பிடி, கூட இல்லை. அவரின்ர கிட்னி ரிப்போட்டையும் அண்டைக்கு உன்ர மனிசியின்ர வாயாலயே கேட்டு வச்சிட்டுத்தான் சமைச்சனான். செத்தாப் பிறகு நீங்கள் வைக்கிறதைக் காகமும் தின்னாது, இந்த ஊரில காகத்துக்கும் குளிர். அண்ணை, எழும்பி வாங்கோ. உங்கட எட்டு."

வந்திருந்த பெரியம்மா "சிவ சிவா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஐயா எழும்பப் பார்த்தார். முடியவில்லை. நான் போய்க் கக்கத்தில் கை கொடுத்தேன். என் கையில் வந்தது எலும்பு. சீலையில் கொண்டுபோய் இருத்தினேன். தன்னுடைய படத்துக்கு முன்னால், தன்னுடைய இலைக்கு முன்னால் அவர் இருந்தார். கையை நீட்டவில்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, சாப்பிடட்டே?"

எழுபத்தாறு வயது மனிதர் கேட்ட கேள்வி.

மருமகள் வாயைப் பொத்திய கையை எடுத்தார். பிறகு வந்தார். படத்தை எடுத்து மகனின் கையில் கொடுத்தார். விளக்கின் திரியை இழுத்து அணைத்தார். இலையின் அருகே சப்பணம் கட்டி இருந்து, பாரைமீன் துண்டை எடுத்தார்.

"பொறுங்கோ மாமா. முள்ளு எடுத்துத் தாறன்."

ஐயா சாப்பிட்டார். நாலைந்து வாய் சோறு, அந்த மீன்துண்டு, முட்டைப் பொரியலில் பாதி. அதோடு நின்றுவிட்டார். "காணும், வயிறு கொள்ளுதில்லை" என்றார். அவ்வளவு படைத்தும் அவ்வளவுதான் போனது. சாப்பிடாமல் சாப்பிடாமல் வயிறு சாப்பாட்டை மறந்துவிட்டிருந்தது. அன்ரியின் முகம் அப்போதுதான் மாறியது. இலையில் மிச்சம் கிடந்ததைப் பார்த்தபடி, "நாசமாய்ப் போவார்" என்று வாய்க்குள் சொன்னார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் எல்லோரையும்தான்.

அடுத்த மாதம் வைத்தியசாலைக்கு மருமகளே கூட்டிப்போனார். நானும் துணைக்குப் போனேன். அங்கே உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஐயாவை நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழும்பச் சொன்னார். முடியவில்லை. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். மருமகள் தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வர வர, அந்தப் பெண்ணின் பேனை நின்றுவிட்டது. வயது போனவர்களுக்கு மீனும் முட்டையும் பருப்பும் கூடத்தான் வேண்டும், குறைய அல்ல என்றார். சதை கரைந்துவிட்டது, அதனால்தான் விழுகிறார் என்றார். திட்டவில்லை.

ஐயா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். கோடை வந்தபோது சோபாவில் ஒரு கையை மட்டும் ஊன்றி எழும்பினார். மோதிரத்தில் சுற்றிய நூலை மருமகள் கத்தரித்து எடுத்தார். அன்ரிக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. உயிரோடு இருந்தவருக்கு எட்டுப் படைத்தவர் என்று கட்டிடத்தில் நல்ல காரியங்களுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பூப்புனித நீராட்டு, பிறந்தநாள், வீடு குடிபூரல், எதற்கும் இல்லை. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒருமுறை, மேல் மாடியில் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, "ரோல்ஸ்தான் குடுப்பினம். போயும் என்ன?" என்று நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. அல்பேர்ட்டாவில் ஒரு இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போனேன். அங்கே இருந்து இன்னொரு ஊர், அங்கே இருந்து இன்னொன்று. சில வருடம் கழித்து மொன்றியலுக்கு ஒரு அலுவலாக வந்தபோது, அன்ரி பனியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறார் என்று அறிந்தேன். மெட்ரோவில் ஏறிப் போனேன்.

நடைபாதையிலேயே சத்தம் கேட்டது. அறைக்குள் ஐயாவின் மருமகள் நின்றார், வேலைச் சப்பாத்தோடு. கட்டில் மேசையில் சாப்பாட்டுத் தட்டு வந்திருந்தது. அதை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைத் திறந்து கையில் பிடித்திருந்தார். உள்ளே வெள்ளையாக ஒரு உருண்டை, மஞ்சளாக ஒரு உருண்டை, என்ன நிறம் என்று சொல்லமுடியாமல் ஒரு உருண்டை.

"மதாம், இதில மீன் எங்க? முட்டை எங்க? இவவுக்குப் பல் இருக்கு, ஏன் அரைச்சுத் தாறியள்?" என்று பாதித் தமிழிலும் பாதிப் பிரெஞ்சிலும் பணிப்பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார். பணிப்பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் கோபம் விளங்கியது. மூடியைப் பார்த்தாள், உருண்டைகளைப் பார்த்தாள், மேலாளரைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"வேலை முடிஞ்சு ஒவ்வொரு நாளும் வந்து இப்பிடித்தான் நிக்கிறாள்" என்றார் அன்ரி. படுக்கையில் இன்னும் குட்டையாகிப் போயிருந்தார். மருமகள் பைக்குள் இருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். பாரைமீன். அன்ரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "புளி காணாது" என்றார்.

"உங்களுக்கு எப்ப கண்டது" என்றார் மருமகள், முள்ளை எடுத்தபடியே.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு இருந்தேன். ஐயா எப்படி இருக்கிறார், மூன்றாம் மாடியில் யார் வந்திருக்கிறார்கள் என்றெல்லாம் கதைத்தோம். போவதற்காக எழும்பினேன். எழும்பும்போது ஒரு கையைக் கைப்பிடியில் ஊன்றினேன். அன்ரி மெல்லுவதை நிறுத்தினார். என் இடுப்பைப் பார்த்தார்.

"அரைப்பட்டியில புது ஓட்டை."

"மெலிஞ்சிட்டன், அன்ரி. நல்லதுதானே" என்றேன். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

"ஆர் சொன்னது நல்லதெண்டு? நீ என்ன சாப்பிடுறனி?"

அத்தனை வருடத்தில் அவர் என்னைக் கேட்காத கேள்வி. தங்கும் அறையில் இருக்கும் பாணும் டின்னும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"சோறும் கறியும்தான்" என்றேன்.

"என்ன கறி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.